பார்வை தெளிந்துவிட்டது, தண்ணீரில் இறங்கலாமா?

சிறு வயது முதல் நீந்திவரும் 34 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். இரண்டு கண்களிலும் மைனஸ் ஐந்தை ஒட்டிய கிட்டப்பார்வை உடைய அவர், பவர் வைத்த நீச்சல் கண்ணாடி அணிந்து வாரத்தில் ஐந்து நாட்கள் நீந்திவந்தார். கடிதம் எழுதுவதற்கு 11 நாட்களுக்கு முன் இரு கண்களுக்கும் லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொண்டார். மறுநாள் பரிசோதனையிலேயே பார்வை 6/6 வந்துவிட்டது. ‘ஒரு மாதம் நீச்சல் கூடாது’ என்று சொன்ன மருத்துவர், அதற்கான காரணத்தைச் சொல்லவில்லை.

இன்னும் ஐந்து வாரங்களில் கடலில் 5 கிலோமீட்டர் நீச்சல் போட்டி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார். நீச்சல் கண்ணாடியை இறுக்கமாகப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் பயிற்சியாளர். தோழி ஒருவர் லேசர் செய்த இரண்டாம் வாரத்திலேயே குளத்தில் இறங்கி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கிறாராம். நான்காம் நாள் குளிக்கும்போது குழாய்த் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது, ஆனால் எரிச்சல்கூட ஏற்படவில்லை. ‘பார்வை தெளிவாக இருக்கிறது, வலியும் இல்லை, அப்படியானால் கண் ஆறிவிட்டது என்றுதானே பொருள்? பாதுகாப்புக்காக, மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தை நீந்துவதற்கு முன்னும் பின்னும் போட்டுக்கொண்டால் ஆகாதா?’ என்பது அவர் கேள்வி. பகுதிநேரமாகக் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் இடத்திலிருந்து, உடனே வேலைக்குத் திரும்பும்படி வற்புறுத்தல் வருவதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஆழத்தில் மூழ்கினால் லேசர் செய்த கண் வெடித்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ‘வலியும் இல்லை’ என்ற சொற்கள்தான். மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்தே தொடங்குகிறது என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேற்பரப்பில் ஃபிளாப் என்று நாங்கள் சொல்லும் மெல்லிய மடல் ஒன்றை உருவாக்கி, அதைப் புத்தகத்தின் அட்டையைப் போலத் திறந்து, உள்ளே லேசரால் வளைவைச் சரிசெய்துவிட்டு மறுபடி மூடுகிறோம். கருவிழியின் நடுப்பகுதியின் பருமனே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். மடல் பெரும்பாலும் 100 முதல் 120 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதற்குத் தையல் போடுவதில்லை. கருவிழியின் உட்புறச் செல்கள் நீரை உறிஞ்சி வெளியேற்றும் விசையால் மடல் தன் இடத்தில் ஒட்டி நிற்கிறது. ஒரு நாளுக்குள் மேல்தோல் செல்கள் வளர்ந்து அதன் விளிம்பை மூடிவிடுகின்றன. மறுநாளே நீங்கள் 6/6 பார்த்தது இதனால்தான். ஒளி ஒழுங்காக உள்ளே செல்ல வழவழப்பான பரப்பு போதும். அந்தப் பரப்பு அடியில் எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்வைப் பலகையின் எழுத்துகள் சொல்லமாட்டா. மடலின் விளிம்பு வாரங்கள், மாதங்கள் எனத் தழும்பேறி உறுதிப்படுகிறது. நடுப்பகுதியோ பழைய வலிமைக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. பல ஆண்டுகள் கழித்துப் பலத்த அடிபட்டு மடல் விலகிய நோயாளிகளைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உள்ளன. அவை அரிதானவை, உங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை.

மடலை உருவாக்கும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. உடலிலேயே மிகக் கூர்மையான தொடுவுணர்வு கொண்ட பகுதிகளில் ஒன்று கருவிழி; ஒரு தூசி விழுந்தாலும் துடித்துவிடுவோம். லேசிக்குப் பின் அந்த உணர்வு மங்கிவிடுகிறது; அது மெல்ல மெல்லத் திரும்பச் சில மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அழைப்பு மணியின் கம்பி அறுந்துபோன வீட்டில், மணி அடிக்கவில்லை என்பதை வைத்து வாசலில் யாரும் இல்லை என்று சொல்ல முடியுமா? வலி இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் இந்த மாதங்களில் அதைக் கண் ஆறியதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நரம்புகள் மங்கியிருப்பதால் கண்ணீர் சுரப்பும் இமைக்கும் வேகமும் குறைந்து கண் வறட்சியும் ஏற்படுகிறது. வறண்ட பரப்பின் மீது குளோரின் தண்ணீர் படும்போது, கருவிழியின் மேல்தோல் செல்களுக்கு ஏற்படும் சேதம் கூடுதலாக இருக்கும்.

தண்ணீரில் என்ன இருக்கிறது

தெளிவான நீச்சல் குளம் தூய்மையானது என்பது பலருடைய நம்பிக்கை. சரியாகப் பராமரிக்கப்படும் குளத்தில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அழிந்துவிடும் என்பது மெய்யே. ஆனால் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி, தன்னைச் சுற்றித் தடித்த உறையை அமைத்துக்கொண்டு, குளங்களில் வழக்கமாகச் சேர்க்கப்படும் அளவு குளோரினைத் தாங்கிவிடும். குழாய்த் தண்ணீரிலும் அது இருக்கக்கூடும். அது உண்டாக்கும் கருவிழிப் புண் அரிதானது. வந்துவிட்டாலோ மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைவரை செல்ல வேண்டியிருக்கும். வெந்நீர்த் தொட்டிகளில் சூடோமோனாஸ் பாக்டீரியா பெருகுவதற்கு வாய்ப்பு அதிகம். கடல், ஏரி, ஆற்று நீரில் கிருமிநாசினி எதுவுமே இல்லை. சாதாரணக் கண்ணில் முழுமையான மேல்தோல் இவற்றைத் தடுத்துவிடுகிறது. மடலின் விளிம்பு வழியே ஒரு கிருமி அடியில் புகுந்துவிட்டால் நிலைமை வேறு: அது இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் பாதுகாப்பாக அமர்ந்துகொள்கிறது, மேலே ஊற்றும் சொட்டு மருந்து அங்கே போதிய அளவில் சென்று சேர்வதில்லை. மடலை மீண்டும் தூக்கிக் கழுவ வேண்டிய கட்டாயம்கூட நேரலாம்.

குளத்தில் நீந்திவிட்டு வந்தால் கண் சிவப்பதற்குக் குளோரின் அதிகமாகிவிட்டதே காரணம் என்பார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் பெரும்பாலும் அந்த எரிச்சலுக்கும் நெடிக்கும் காரணம். ஆகவே நெடி தூக்கலாக அடிக்கும் குளம் மிகவும் தூய்மையானது என்ற கணிப்பு தலைகீழானது. நீங்கள் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் குளத்தை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நான்காம் நாள் கண்ணில் பட்ட குழாய்த் தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதற்குள் விளிம்பு மூடியிருக்கும். ஒருமுறை தெறித்ததால் தொற்று வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் அதையே ‘தண்ணீர் பட்டும் ஒன்றும் ஆகவில்லை’ என்று அனுமதிச் சீட்டாக்கிக்கொள்வது சரியன்று. சில பாக்டீரியாத் தொற்றுகள் ஓரிரு நாளில் வெளிப்படும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வாரங்கள் கழித்தே தலைகாட்டும். அடுத்த பரிசோதனையின்போது இந்த நிகழ்வை மறக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தோழியின் கண் வேறு, உங்கள் கண் வேறு

லேசர் சிகிச்சை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் குறைந்தது மூன்று முறைகள் இருக்கின்றன. தோழி எதைச் செய்துகொண்டார் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டுப் பாருங்கள். ஸ்மைல் முறையில் மடல் கிடையாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு திறப்பின் வழியே உள்ளிருக்கும் மெல்லிய திசுத் தகட்டை எடுத்துவிடுகிறோம். அதனால் மடல் விலகும் பேச்சுக்கே இடமில்லை. தொற்று அபாயம் மட்டும் தொடக்க நாட்களில் உண்டு. பி.ஆர்.கே. முறையிலும் மடல் இல்லை, ஆனால் மேல்தோலையே நீக்கிவிடுவதால் அது மறுபடி வளரும் மூன்று முதல் ஐந்து நாட்கள்வரை கண் திறந்த புண்ணாகவே இருக்கும். பாதுகாப்புக்கு ஒரு கான்டாக்ட் லென்ஸையும் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஸ்டீராய்டு சொட்டும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தொடரும். நெடுநாள் நோக்கில் அடிதடி விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கு மடல் இல்லாத முறைகளையே நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. சிகிச்சைக்கு முன்பே உங்கள் நீச்சலைப் பற்றி விரிவாகப் பேசியிருந்தால் வேறு முறைகளையும் பரிசீலித்திருக்கலாம். இனி அதை நினைத்து வருந்துவதில் பயனில்லை, லேசிக் செய்துகொண்ட எத்தனையோ பேர் காலம் முழுவதும் நீந்துகிறார்கள்.

ஒரு மருத்துவர் இரண்டு வாரம் என்பார், இன்னொருவர் ஒரு மாதம் என்பார். இந்த முரண்பாடு உங்களைப் போன்றவர்களைக் குழப்புகிறது என்பதை அறிவேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லேசிக் செய்தவர்களுக்குத் தரும் அறிவுரையில் நீச்சலையும் வெந்நீர்த் தொட்டியையும் ஒன்று முதல் இரண்டு மாதங்கள் தவிர்க்கச் சொல்கிறது. உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளுக்குக் குறைந்தது நான்கு வாரம் என்கிறது. இரண்டு வாரம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நன்கு பராமரிக்கப்படும் குளத்தில், கண்ணாடி அணிந்து, தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்து நிதானமாக நீந்துவதை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். தினமும் மணிக்கணக்கில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து நீந்தும் உங்களுக்கு அது பொருந்தாது. உங்கள் மருத்துவர் சொன்ன ஒரு மாதம் சரியானது. அதை நான் குறைக்கமாட்டேன். ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டிருக்கும் காலம் முழுவதும், ஒரு மாதம் கடந்திருந்தாலும், குளம் வேண்டாம். கிருமியை எதிர்க்கும் கண்ணின் ஆற்றலை அந்தச் சொட்டு குறைத்துவிடும்.

மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்

இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு எதிராகவே வேலை செய்யும்; அகாந்தமீபாவையும் பூஞ்சையையும் அது தொடாது. அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் பல சொட்டு மருந்துகளில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் ஒரே புட்டியில் கலந்திருக்கும். பெயரை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தொற்று தொடங்கிய கண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் சிவப்பும் வலியும் தற்காலிகமாக அடங்கி, உள்ளே புண் பரவிக்கொண்டிருக்கும். திறந்து ஒரு மாதம் ஆன புட்டியைப் பொதுவாகத் தூக்கி எறியச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அதன் முனையே கிருமிக்கு இருப்பிடமாகிவிடும். நீந்துவதற்கு முன்னும் பின்னும் போடத் தகுந்தது, பதப்படுத்தும் வேதிப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மட்டுமே. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பிகளாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி இறுக்கமாக இருந்தால் போதுமா?

பயிற்சியாளரின் அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. கண்ணாடி கட்டாயம் வேண்டும்; இனி வாழ்நாள் முழுவதும் கண்ணாடி இல்லாமல் நீந்தாதீர்கள் என்றே சொல்வேன். ஆனால் இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு. வார்ப்பட்டையை இழுத்துக் கட்டினால் கண்குழிக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிறிய கிண்ண வடிவக் கண்ணாடிகள் கண்ணின் உள்ளழுத்தத்தையே உயர்த்துவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. கழற்றும்போது கிண்ணத்தைக் கண்ணிலிருந்து பிடுங்கி எடுப்பதும், கை நழுவி அது திரும்பக் கண்ணிலேயே அறைவதும் அதைவிட மோசம். கண்குழியின் எலும்பின் மீது உட்காரும் அகலமான, மென்மையான சிலிக்கான் விளிம்பு கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து லேசாக அழுத்தினால் ஓரிரு நொடி தானாக ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் பொருத்தம் சரி. கழற்றும்போது முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு, தலைக்குப் பின்னாலிருந்து பட்டையைத் தூக்கி முன்பக்கமாக எடுங்கள். கசியும் கண்ணாடி, கண்ணாடியே இல்லாததைவிடத் தீமையாகலாம், ஏனெனில் உள்ளே வந்த தண்ணீர் கண்ணை ஒட்டியே தேங்கி நிற்கும். உங்கள் பழைய பவர் கண்ணாடியைத் தூர வைத்துவிடுங்கள். மைனஸ் ஐந்து பவரோடு இப்போது தண்ணீருக்குள் பார்த்தால் தலைதான் வலிக்கும்.

மீறித் தண்ணீர் உள்ளே போய்விட்டால் தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீரால் கழுவவும் கூடாது. செயற்கைக் கண்ணீரை நான்கைந்து சொட்டு விட்டு, கண்ணை மெதுவாக இமைத்தால் போதும். அதன் பிறகு கண் சிவப்பு, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், மங்கல், நீர் அல்லது சீழ் வடிதல், ஏதோ உறுத்துவது போன்ற உணர்வு, லேசான வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். மணி கம்பி அறுந்த வீட்டில் லேசாக மணி அடித்தாலும் அதைப் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடிபட்டு ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை கலங்கினால் மடல் மடிந்திருக்கலாம். அதைச் சில மணி நேரத்துக்குள் சரிசெய்வதே நல்லது.

ஆழத்தில் கண் வெடிக்கும் என்பது, கத்தியால் கருவிழியில் ஆரக்கால் போல ஆழமாகக் கீறிய பழைய அறுவை முறையிலிருந்து வந்த பயம். அந்தக் கண்கள் உண்மையிலேயே அடிபட்டால் கிழிந்துவிடக்கூடியவை. லேசிக் செய்த கண் ஆறிய பிறகு நீருக்கடியில் மூழ்குவதற்குத் தடையில்லை. முகமூடிக்குள் மூக்கால் காற்றை விட்டு அழுத்தத்தைச் சமன்செய்யும் பழக்கம் மட்டும் தவறக் கூடாது.

போட்டியும் வேலையும்

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் போட்டி அறுவைக்குப் பின் 46ஆம் நாளில் வருகிறது. முப்பதாம் நாளை ஒட்டிய பரிசோதனையில் மடலின் விளிம்பும் கண்ணீர்ப் படலமும் நன்றாக இருப்பதாக மருத்துவர் எழுதிக்கொடுத்தால், கூட்டமில்லாத நேரத்தில் குளத்தில் 20 நிமிடத்தில் தொடங்கலாம். தொடக்க மேடையிலிருந்து பாய்வதை இன்னும் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். அப்படிப் பார்த்தால் 5 கிலோமீட்டர் கடல் நீச்சலுக்குப் பயிற்சி எடுக்க இரண்டு வாரங்களுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். திறந்த நீர்ப் போட்டிகளில் உப்பையும் கிருமியையும்விட நான் அஞ்சுவது தொடக்க நெரிசலை. பக்கத்தில் நீந்துபவரின் முழங்கையும் முன்னால் செல்பவரின் குதிகாலும் முகத்தில் இடிப்பது அங்கே சாதாரணம் என்பது உங்களுக்கே தெரியும். என் முடிவைக் கேட்டால், இந்த ஆண்டுப் போட்டியை விட்டுவிடுங்கள் என்பேன். உங்கள் மருத்துவர் அனுமதித்து நீங்களும் போயே தீருவேன் என்றால், கூட்டம் கலைந்த பின் கடைசியாகத் தண்ணீரில் இறங்குங்கள். நேரக் கணக்கை மறந்துவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, குளத்தின் கரையில் நின்று கற்றுத்தருவதற்குத் தடையில்லை. தண்ணீருக்குள் குழந்தைகளோடு நிற்பதுதான் கூடாது: பயந்த குழந்தை முதலில் பற்றிக்கொள்வது பக்கத்திலிருப்பவரின் முகத்தைத்தான். எந்தத் தேதிவரை நீரில் இறங்கக் கூடாது என்று குறிப்பிட்ட மருத்துவச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தயங்காதீர்கள், காரணத்தைத் தெரிந்துகொள்வதும் அதைத் தாளில் பெறுவதும் நோயாளியின் உரிமை. போட்டி அமைப்பாளர்களிடமும் அதே சான்றிதழைக் காட்டி, போட்டிக்குச் செய்த பதிவை அடுத்த முறைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் வாங்க மருத்துவரிடம் போகும்போது அறுவைக் குறிப்பின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த முறை, மடலின் பருமன், அடியில் எஞ்சிய கருவிழியின் பருமன், அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவின் அளவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளின் தேவை நீச்சலோடு முடிவதில்லை. கருவிழி மெலிந்திருப்பதால் இனி உங்கள் கண் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். எந்த மருத்துவரிடம் கண் அழுத்தம் பார்த்தாலும் லேசிக் செய்திருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். வயதான காலத்தில் கண்புரை அறுவை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அன்றைய மருத்துவர் இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.